எலி எவ்வளவு நேரம் காத்திருக்கும்?

டோபமைன்ங்கிற வார்த்தை இப்போ வீட்டுப் பேச்சுல சேர்ந்துடுச்சு. ரீல்ஸ் பார்த்தா டோபமைன், பிரியாணி ஆர்டர் பண்ணா டோபமைன், சம்பளம் வந்த மூணாவது நாளே காலியானா அதுக்கும் டோபமைன். போன மாசம் எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர் ஒரு வீடியோ போட்டு, கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "நம்ம ஊர்ல தறிக்காரங்க முன்னேறாததுக்குக் காரணம் இதுதான். காத்திருக்கத் தெரியாது."

நம்ம ஊர்னு அவர் சொன்னது பிள்ளையார்பாளையத்தை. காஞ்சிபுரத்தோட மேற்குப் பக்கம், தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்ட இடம். என் தாத்தா அங்கே நெசவு செய்தவர். அந்த வரியைப் படிச்சதும் கோபம்தான் முதலில் வந்தது. பிறகு, இந்த "காத்திருக்கத் தெரியாது" என்ற பேச்சுக்கு அறிவியலில் உண்மையிலேயே என்ன அடிப்படை இருக்குன்னு தேட ஆரம்பிச்சேன். தேடினால் எலிகள் வந்தன. எலிகளுக்குப் பின்னால், நான் கொஞ்சமும் எதிர்பார்க்காத அளவுக்கு, இந்தியா வந்தது.

முதலில் அவர் எதைச் சொல்கிறார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். முன்பணம். அட்வான்ஸ்.

காஞ்சிபுரத்தில் பெரும்பாலான நெசவாளர்களுக்குப் பட்டும் ஜரிகையும் சொந்தம் கிடையாது. முதலாளி பாவு கொடுப்பார், ஊடைக்குப் பட்டு கொடுப்பார், ஜரிகை கொடுப்பார். நெய்து கொடுத்தால் புடவைக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு பாவில் வழக்கமாக இரண்டு மூன்று புடவை. ஒரு புடவை அறுக்க ஒரு வாரமும் ஆகலாம், வேலைப்பாடு அதிகமென்றால் மூன்று வாரமும் ஆகலாம். கோர்வைப் புடவை என்றால் நெசவாளர் ஒருத்தர் மட்டும் போதாது, கரைப்பக்கம் உட்கார்ந்து உதவ இன்னொரு ஆள் வேண்டும். மழை பிடித்தால் குழித்தறிக்குள் தண்ணீர் ஊறும், வேலை நிற்கும். ஆனால் வயிறு நிற்காது, பள்ளிக்கூட ஃபீஸ் நிற்காது, கல்யாணம் நிற்காது. அப்போ முதலாளியிடம் முன்பணம். அது முடிகிற வரை வேறு முதலாளியிடம் போக முடியாது, அங்கே கூலி கூடுதலாகக் கிடைத்தாலும்.

இப்போ இதை ஒரு ஆராய்ச்சியாளர் பார்த்தால் என்ன சொல்வார்? "உடனே கிடைக்கும் சிறிய தொகை, பின்னால் கிடைக்கும் பெரிய தொகை, இவர்கள் சிறியதை எடுக்கிறார்கள்." எலிக்கூண்டில் கேட்கப்படும் கேள்வியும் அச்சு அசலாக இதேதான். அதனால்தான் அந்தக் கூண்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டியிருக்கு.

கதை 1951-ல் ஆரம்பிக்கலாம். லாகூரில் பிறந்த பால் கிருஷன் ஆனந்த் என்ற மருத்துவர் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் புரோபெக் என்பவரோடு வேலை செய்கிறார். எலியின் மூளையில் அடியாழத்தில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சின்னப் பகுதி. அதன் பக்கவாட்டில் ஒரு துளி அளவு இடத்தை, இடம் வலம் இரண்டு பக்கமும், மின்சாரத்தால் அழித்தார்கள். ஒரு பக்கம் மட்டும் அழித்தால் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பக்கமும் போனால் எலி சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. பக்கத்திலேயே தீனி இருக்க, பட்டினி கிடந்து செத்தது. மூளையில் "உண்ணும் மையம்" ஒன்று இருக்கிறது என்று அவர்கள் எழுதினார்கள். பாடப்புத்தகங்களில் பல பத்தாண்டுகள் அது அப்படியே இருந்தது.

ஆனந்த் பிறகு டெல்லி எய்ம்ஸில் உடலியங்கியல் துறையைக் கட்டியெழுப்பியவர். யோகிகளின் மூளை அலைகளை அளந்தவர், காற்றுப் புகாத பெட்டிக்குள் ஒரு யோகியை உட்கார வைத்து அவர் எவ்வளவு ஆக்ஸிஜன் எடுக்கிறார் என்று 1961-ல் கணக்குப் போட்டவரும் இவரே. தனி எபிசோடு தாங்கும் மனிதர். நாம் எலியிடமே இருப்போம்.

அந்த எலிகள் ஏன் சாப்பிடவில்லை? பசி என்ற உணர்வே போய்விட்டதா? இருபது வருஷம் கழித்து, 1971-ல், ஸ்வீடனில் உங்கர்ஸ்டெட் என்பவர் வேறு வழியில் அதே எலியை உருவாக்கினார். ஹைப்போதலாமஸைத் தொடவே இல்லை. டோபமைன் எடுத்துச் செல்லும் நரம்பிழைகளை மட்டும் ஒரு வேதிப்பொருளால் அழித்தார். அந்த எலியும் சாப்பிடவில்லை. ஆனந்த் அழித்த இடத்தின் ஓரமாகத்தான் அந்த இழைகள் மூளையின் முன்பக்கத்துக்கு ஓடுகின்றன. அதாவது ஆனந்த் "மையம்" என்று நினைத்ததில் ஒரு பங்கு, வழியாகப் போன நெடுஞ்சாலை. ஊரை அழித்தேன் என்று நினைத்தவர் பைபாஸையும் சேர்த்து அறுத்திருக்கிறார்.

சரி, மூளையில் டோபமைன் என்று ஒன்று தனியாக வேலை செய்கிறது என்பதே எப்படித் தெரிந்தது? அதற்கும் நம்ம மண்ணுக்கும் தொடர்பு உண்டு. சர்ப்பகந்தா என்ற செடியின் வேர் மனநோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் உதவுகிறது என்று 1931-ல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினார்கள். 1949-ல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் அதைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதியதும் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனியில் வேரிலிருந்து ரிசர்பைன் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1957-ல் ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன் அந்த ரிசர்பைனை முயல்களுக்குக் கொடுத்தார். முயல்கள் காது தொங்கி, அசையாமல் கிடந்தன. பிறகு டோபமைனின் மூலப்பொருளான எல்-டோப்பாவை ஊசி போட்டார். சற்று நேரத்தில் எழுந்து நடமாட ஆரம்பித்தன. அதுவரை டோபமைன் என்பது இன்னொரு வேதிப்பொருளுக்குப் போகும் வழியில் உள்ள ஒரு படி என்றுதான் நினைத்திருந்தார்கள். கார்ல்சனுக்கு 2000-ல் நோபல் கிடைத்தது. அந்த வேர் எங்கிருந்து வந்தது என்பது பரிசு பற்றிய பேச்சில் ஓரத்தில்கூட அதிகம் வருவதில்லை. விடுங்க, புலம்பல் வேண்டாம்.

நடுவில் 1954. கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகம். ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர். எலியின் மூளைக்குள் மின்கம்பி வைத்தார்கள், குறி தவறி வேறு இடத்தில் போய் நின்றது. அந்த எலிக்கு எந்த இடத்தில் மின்சாரம் கிடைத்ததோ அந்த மூலைக்கே திரும்பத் திரும்ப வந்தது. லீவரை அமுக்கினால் மின்சாரம் என்று வைத்தபோது, சில எலிகள் ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான தடவை அமுக்கின. "மூளையின் இன்ப மையம்" என்று பத்திரிகைகள் எழுதின. இன்னிக்கு ரீல்ஸில் சொல்லப்படும் டோபமைன் கதைக்கு மூலம் இதுதான்.

இதே லீவர் பெங்களூருக்கு வந்தது. நிம்ஹான்ஸில் டி. தேசிராஜு தொடங்கிய நரம்பியங்கியல் துறையில், சங்கரநாராயண ராவ், தேசிராஜு, டி. ஆர். ராஜு மூவரும் 1993-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எலிகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், பத்து நாள், தானே லீவரை அமுக்கித் தன் மூளையைத் தூண்டிக்கொள்ள வாய்ப்பு. பிறகு மூளையை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸிலும் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் புறணியிலும் நரம்பணுக்களின் கிளைகள் அதிகமாகியிருந்தன. பரிசு என்பது நொடியில் வந்து போகும் உணர்வு இல்லை, மூளையின் வடிவத்தையே மாற்றுகிற அனுபவம். 2008-ல் அதே குழுவிலிருந்து இன்னொன்று: நீண்ட மன அழுத்தத்துக்கு ஆளான எலிகளின் ஹிப்போகாம்பஸில் கிளைகள் சுருங்கிப் போகும், நினைவு தடுமாறும். அவற்றுக்கு இந்தப் பரிசு அனுபவம் கிடைத்தபோது இரண்டுமே மீண்டன.

காஞ்சிபுரத்துக்குப் பட்டு நூல் வருவதும் கர்நாடகத்திலிருந்துதான். இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது, ஆனா எனக்குச் சொல்லத் தோணுச்சு.

இப்போ "இன்பம்" என்ற சொல்லுக்கு வருவோம், ஏன்னா குழப்பமே அங்கதான். 1989-ல் மிச்சிகனில் கென்ட் பெரிட்ஜ், டெர்ரி ராபின்சன் குழு டோபமைன் இழைகள் அழிக்கப்பட்ட எலிகளை எடுத்துக்கொண்டது. தானாகப் போய்ச் சாப்பிடாத எலிகள். அவற்றின் வாயில் சர்க்கரைத் தண்ணீரை விட்டார்கள். எலிகள் ருசித்தன! நாக்கைச் சுழற்றி, இனிப்பு பிடித்த எலி செய்வதையெல்லாம் செய்தன. பிடித்திருக்கிறது, ஆனால் போய் எடுக்கத் தோன்றவில்லை. டோபமைன் ருசி கிடையாது, ருசியை நோக்கி நடக்க வைப்பது. அந்த வாட்ஸ்அப் வீடியோ இந்த இடத்திலேயே தடுக்கி விழுந்துவிட்டது.

அடுத்த திருப்பம் குரங்குகளிடமிருந்து வந்தது. வோல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் டோபமைன் நரம்பணுக்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அவை படபடத்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகிய பிறகு, விளக்குக்குப் படபடத்தன, சாறு வரும்போது சும்மா இருந்தன. விளக்கு எரிந்து சாறு வராமல் போனால்? சாறு வந்திருக்க வேண்டிய சரியான அந்த நொடியில் அணுக்கள் அமைதியாகிவிட்டன. 1997-ல் ஷுல்ட்ஸ், தயான், மான்டேக் எழுதிய கட்டுரை இதை "எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசம்" என்று விளக்கியது. எனக்கு இதில் பிடித்தது வேறு. வராத ஒன்று எப்போது வந்திருக்க வேண்டும் என்று மூளைக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் உள்ளே ஏதோ ஒரு கடிகாரம் ஓடுகிறது.

அந்தக் கடிகாரத்தை அளக்க எலிகளுக்கு ஒரு பரீட்சை உண்டு. விளக்கு எரியும். 40 விநாடி கழித்து லீவரை அமுக்கினால் தீனி. அதற்கு முன் எத்தனை முறை அமுக்கினாலும் கிடையாது. நன்றாகப் பழகிய பிறகு, சில சுற்றுகளில் தீனியே தராமல் விளக்கை மட்டும் எரியவிடுவார்கள். எலி முதலில் சும்மா இருக்கும், மெல்ல அமுக்கத் தொடங்கும், 40 விநாடி நெருங்கும்போது வேகம் உச்சிக்குப் போகும், பிறகு "இன்னிக்கு இல்ல போல" என்று குறையும். கையில் வாட்ச் இல்லாத எலி! 1981-ல் சேத் ராபர்ட்ஸ் இந்த முறையைப் பிரபலமாக்கினார். அதே ஆண்டு ரஸ்ஸல் சர்ச் உள்ளிட்ட குழு எலிகளுக்கு மெத்தாம்ஃபெட்டமின் கொடுத்துப் பார்த்தது. இது டோபமைனைக் கூட்டும் மருந்து. எலிகளின் உச்சி முன்னதாகவே வந்தது. உள்கடிகாரம் வேகமாக ஓடியது, அதனால் நேரம் வந்துவிட்டது என்று எலி நினைத்தது.

வாரன் மெக் இதை இன்னும் நோண்டினார். டோபமைனை அடக்கும் மருந்து கொடுத்தால் கடிகாரம் மந்தமாகும் என்று காட்டினார். மருந்தோடேயே தொடர்ந்து பயிற்சி கொடுத்தால் எலி மெல்லத் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும் என்றும் காட்டினார். நேரத்தை நினைவில் வைப்பதற்கு அசெட்டைல்கோலின் என்ற வேறொரு வேதிப்பொருள், கடிகாரத்துக்கு டோபமைனும் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியும் என்று ஒரு வரைபடம் உருவானது. அழகான வரைபடம்தான், ஆனால் நிலைக்கவில்லை. 2016-ல் லிஸ்பனில் ஜோ பேட்டன் குழு சுண்டெலிகளில் டோபமைன் அணுக்களை நேரடியாக ஒளியால் தூண்டியபோது, நேரம் குறைவாகப் போனதாகவே சுண்டெலிகள் தீர்ப்பு சொன்னன. எதிர்த்திசை. இன்னும் சண்டை நடக்கிறது.

(நேரம், உயிரினம்னு சொன்னதும் மதுரைக்காரங்க "எங்க சந்திரசேகரன் எங்கே"ன்னு கேப்பீங்க. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் எம். கே. சந்திரசேகரன் குகை வௌவால்களை வைத்துச் செய்தது நாள் முழுவதற்குமான கடிகாரம். நான் சொல்வது விநாடிக் கடிகாரம். இரண்டும் வேறு.)

இப்போ முன்பணக் கேள்வி. இரண்டு லீவர். ஒன்றை அமுக்கினால் உடனே ஒரு தீனி உருண்டை. மற்றதை அமுக்கினால் நான்கு உருண்டை, ஆனால் காத்திருக்க வேண்டும்: 10, 20, 40, 60 விநாடி. 2001-ல் கேம்பிரிட்ஜில் கார்டினல், ராபின்ஸ், எவரிட் குழு இதைச் செய்தது. டோபமைன் இழைகள் வந்து சேரும் இடங்களில் ஒன்றான நியூக்ளியஸ் அக்கம்பன்ஸின் மையப்பகுதியை அழித்தால், எலிகள் பெரிய பரிசை விட்டு உடனடி உருண்டைக்கே ஓடின. முன்புறணியின் சில பகுதிகளை அழித்தபோது அப்படி ஆகவில்லை. செரட்டோனினுக்கும் பங்கு உண்டு. 1993-ல் இங்கிலாந்தில் அதன் பாதைகளை அழித்த எலிகள் தாமதத்தைத் தாங்கவில்லை. பிறகு ஜப்பானின் ஒகினாவாவில் மியாசாகி குழு பார்த்தது: எலி தீனிக்காகக் காத்திருக்கும் நேரமெல்லாம் செரட்டோனின் அணுக்கள் விடாமல் வேலை செய்கின்றன. அவற்றை அடக்கினால் எலி பொறுமையிழந்து நகர்ந்துவிடும். காத்திருப்பது சும்மா இருப்பது இல்லை. மூளைக்கு அது ஒரு வேலை.

இதில் நம்ம கதைக்கு ரொம்ப முக்கியமான ஆராய்ச்சி, என் கணக்கில், அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் கிம்பர்லி கிர்க்பாட்ரிக் குழு செய்தது. அவசரப்படும் எலிகள் நேரத்தைச் சரியாக அளக்கத் தெரியாதவையாகவும் இருந்தன. 40 விநாடி எவ்வளவு என்றே பிடிபடாதவனுக்கு 40 விநாடி காத்திரு என்றால் என்ன அர்த்தம்? ஆகவே 2015-ல் வந்த கட்டுரையில் எலிகளுக்குக் காலத்தைப் பழக்கினார்கள். குறிப்பிட்ட நேரம் கழித்துத் தீனி நிச்சயம் வரும் என்ற பயிற்சி, பல நாள். பிறகு அதே இரண்டு லீவர். எலிகள் முன்பைவிட அதிகமாகப் பெரிய பரிசைத் தேர்ந்தெடுத்தன. மூளையை அறுக்கவில்லை, மருந்து தரவில்லை.

அந்தப் பயிற்சியில் ஒரு விஷயத்தைக் கவனியுங்க. கூண்டு பொய் சொல்லாது. 30 விநாடி என்றால் 30 விநாடியில் தீனி வரும். "இந்த வாரம் விற்பனை மந்தம், அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று எந்த லீவரும் சொல்வதில்லை. "கரையில் பழுது, கூலியில் பிடித்துக்கொள்கிறேன்" என்றும் சொல்வதில்லை. என் தாத்தாவின் பெரிய லீவர் அப்படிப்பட்டது இல்லை. பாவு எப்போது வரும் என்று தெரியாது, மழை எப்போது விடும் என்று தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் உடனே கிடைப்பதை எடுப்பது மூளைக் கோளாறா, சரியான கணக்கா? எனக்குச் சந்தேகமே இல்லை, கணக்குதான்.

அதோடு எலிக்குக் கூண்டில் கடன் கிடையாது. இன்றைக்கு ஒரு உருண்டை எடுத்தால் நாளைக்கு அந்த லீவரோடு கட்டிப்போட மாட்டார்கள். முன்பணம் கட்டிப்போட்டது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. அப்படியிருந்தும் 2003-ல் ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச், இந்தியப் பட்டுத் தொழிலில் கடனுக்குக் கட்டுண்ட குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளைகள் தறியில் உட்கார்ந்தார்கள். கரைப்பக்கம் உதவ இன்னொரு ஆள் வேண்டும் என்றேனே, பல வீடுகளில் அது ஒரு சின்னப் பிள்ளை. இதை நான் மூடி மறைக்க விரும்பவில்லை. தப்பு நடந்தது. ஆனால் அதற்குக் காரணத்தை அந்த அப்பாவின் அக்கம்பன்ஸில் தேடினால் முதலாளியின் கணக்குப் புத்தகம் கண்ணில் படாமல் போகும். அந்த வாட்ஸ்அப் வரியில் எனக்குப் பிரச்சினையே அதுதான்.

"அப்போ மூளைக்கும் வறுமைக்கும் சம்பந்தமே இல்லையா?" இருக்கு, ஆனால் அம்புக்குறி எந்தப் பக்கம் போகுதுன்னு பார்க்கணும். காஞ்சிபுரத்திலிருந்து அதிக தூரமில்லாத விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஷாவ் நால்வரும் ஆராய்ந்தார்கள். 2013-ல் சயன்ஸ் இதழில் வந்தது. கரும்புக்காரருக்கு வெட்டு முடிந்துதான் மொத்தமாகப் பணம். அதற்கு முந்தைய மாதங்கள் நெருக்கடி. அதே மனிதருக்கு வெட்டுக்கு முன்னும் பின்னும் அதே மாதிரி மூளைப் பரீட்சை வைத்தார்கள். முன்னால் மதிப்பெண் குறைவு, பின்னால் கூடுதல். ஆள் மாறவில்லை, மாறியது கையிலிருந்த காசு. இந்த முடிவின் புள்ளியியலைக் கேள்வி கேட்டவர்கள் உண்டு, வேறு நாட்டில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் பார்த்து வித்தியாசமில்லை என்றவர்களும் உண்டு. ஆகவே இதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளாதீங்க. ஆனாலும் அதே ஆளையே இரண்டு பருவத்தில் அளந்தார்கள் என்பதால், "அவங்க பிறவியே அப்படி" என்பவர் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

குரூப்பில் நான் இவ்வளவையும் எழுதவில்லை. கிர்க்பாட்ரிக் எலிகளைப் பற்றி மட்டும் நாலு வரி போட்டேன். வீடியோ போட்டவர் ஒரு கட்டைவிரல் போட்டார். என் சித்தப்பா, இருபது வருஷம் தறியில் உட்கார்ந்தவர், கேட்டது ஒன்றுதான்: "அந்த எலிக்குத் தீனி சொன்ன நேரத்துக்கு வந்துடுச்சாம்மா?"

வந்துச்சு சித்தப்பா, ஒவ்வொரு தடவையும்.

அடுத்த எபிசோடில் அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்ட மதுரை வௌவால்களுக்கு வருகிறேன். சூரியனே தெரியாத அறைக்குள் உயிர்கள் நாளை எப்படி எண்ணுகின்றன என்பது அதில்.